பதினாலாவது கேள்வி

ஜூலை 3, திங்கள்

ஹாக்கி முகாமுக்கு வந்திருக்கும் இருபத்திரண்டு பெண்களுக்கும் இன்று ஆளுக்கொரு நோட்டு கொடுத்தேன். தினமும் மூன்று வரி எழுத வேண்டும். என்ன எழுதினாலும் சரி. யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. விளையாட்டு உளவியலில் இது பழைய முறை. திரும்பி நடக்கும்போது என் ஆராய்ச்சி மாணவி தஸ்னீம், "நீங்க எழுதுறீங்களா மேடம்?" என்று கேட்டாள். அவளுக்குக் கேலி செய்யத் தெரியாது. அதனால்தான் உறைத்தது. மிச்சமிருந்த நோட்டு ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் பெயர், வேலை, வயது எழுத நாங்களே கோடு போட்டிருக்கிறோம். ச. வசுமதி. இணைப் பேராசிரியர். நாற்பத்தேழு.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். மூன்று வருடம் தள்ளிப்போய் இப்போதுதான் தேதி வந்திருக்கிறது. என்னிடம் இருக்கும் பெரிய சரக்கு ஒன்றே ஒன்று: வீரர்களின் மனச்சோர்வை அளக்க நான் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய கேள்வித்தாள். முப்பத்திரண்டு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பூஜ்யம் முதல் நான்கு வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பூஜ்யம் என்றால் ஒருபோதும் தோன்றுவதில்லை, நான்கு என்றால் எப்போதும் தோன்றுகிறது. கூட்டுத்தொகை அறுபதைத் தாண்டினால் கூப்பிட்டுப் பேசுவோம். தாண்டாவிட்டால் கூப்பிடுவதில்லை. பதினொரு வருடமாக விளையாட்டு விடுதிகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது.

மூன்று வரி என்று சொல்லிவிட்டு நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 4

லிஃப்ட் ஓடவில்லை. துறை மூன்றாவது மாடியில். இன்று நான்கு முறை ஏறி இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

முகாமில் கேள்வித்தாள் கொடுத்தோம். பெரும்பாலானவர்கள் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். கோல்கீப்பர் மட்டும் ஏழு நிமிடத்தில் நீட்டிவிட்டு, வெளியே போய்க் கால்பேடின் வாரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் காளீஸ்வரி. இருபது வயது. கோவில்பட்டிப் பக்கம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், மேஸ்திரி.

அவள் கூட்டுத்தொகை இருபத்தொன்பது. அறுபதில் பாதிகூட இல்லை. பயிற்சியாளர் சவரிமுத்துவுக்கு மகிழ்ச்சி. "இவ கல்லு மேடம், பந்துதான் வலிக்குதுன்னு சொல்லும்" என்றார். நல்ல மனிதர், பிள்ளைகளின் பிறந்தநாளை எல்லாம் ஞாபகம் வைத்திருப்பவர். நானும் சிரித்தேன்.

பதினாலாவது கேள்விக்கு மட்டும் அவள் பூஜ்யத்தைத் திரும்பத் திரும்ப வட்டமிட்டிருக்கிறாள். தாள் கிழிந்திருக்கிறது. மேஜை சொரசொரப்பாக இருந்திருக்கும்.

ஜூலை 11, செவ்வாய்

முதுகலை வகுப்பில் காயமும் அடையாள இழப்பும் நடத்தினேன். வழக்கம்போல என் கதையைச் சொன்னேன். நானூறு மீட்டர் தடை ஓட்டம், 1998, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, இறுதி ஓட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் முழங்கால் போனது, அத்தோடு ஓட்டம் முடிந்தது, உளவியலுக்கு வந்தேன். வருடா வருடம் வகுப்பு நிசப்தமாகக் கேட்கும் இடம் இதுதான்.

இன்று இடது முழங்கால் என்று சொன்னேன். வெளியே வந்ததும் தஸ்னீம் தயங்கித் தயங்கி, போன வருடம் வலது என்று குறிப்பு எடுத்திருப்பதாகச் சொன்னாள். அவள் குறிப்பு எடுக்கும்போது தவறியிருக்கலாம் என்றேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டர் புத்தகத்தை அறையிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். மறுபடி மூன்று மாடி.

ஜூலை 19, புதன்

காளீஸ்வரிக்கு விரல் முறிந்துவிட்டது. இடது மோதிர விரல். பெனால்டி கார்னர் பயிற்சியில், கோலை நோக்கி ஓங்கி அடித்த பந்து நேராகக் கையில் பட்டிருக்கிறது. கையில் கையுறை இல்லை. வார் அறுந்து மாற்றிக்கொண்டிருந்தபோது அடித்துவிட்டார்கள், விபத்து என்கிறார் சவரிமுத்து.

விபத்தாகத்தான் இருக்கும். கூட்டுத்தொகை இருபத்தொன்பது.

ஜூலை 20

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு வாரத்தில் கூடிவிடுமாம். காளீஸ்வரி நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினாளாம். இட்லி எத்தனை சாப்பிட்டாள் என்று செவிலியர் எண்ணிச் சொன்னார். முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் கையுறை கிடந்தது. வார் அறுந்திருக்கவில்லை.

ஜூலை 24, திங்கள்

காளீஸ்வரியைத் துறைக்கு வரச்சொன்னேன். அறுபதைத் தாண்டாத ஒருத்தியை நான் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. கேட்க வேண்டிய எதையும் கேட்காமல், அவளுடைய விடைத்தாளை எடுத்து மேஜையில் வைத்து, பதினாலாவது ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டேன்.

வாக்கியம் இதுதான்: 'எனக்கு விட்டுக்கொடுக்கத் தோன்றுகிறது.'

"கோல்கீப்பர்ட்ட போயி யாராவது இப்படிக் கேப்பாங்களா மேடம்? விட்டுக்கொடுக்குறதுன்னா வேணும்னே கோல் விடுறதுதானே. உயிரே போனாலும் அத நான் செய்யமாட்டேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. வேறு என்னதான் தோன்றும் என்று கேட்டேன்.

"விட்டுட்டுப் போயிரலாம்னு தோணும். தெனமும் தோணும். அத நீங்க கேக்கவே இல்லியே."

அதன் பிறகு அவளே சொன்னாள். கோபத்தில் மீதி எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டாளாம். தன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்பவர்களிடம் என்ன சொல்வது என்று தோன்றியதாம். ஒரு வருடமாகப் பெனால்டி கார்னர் என்றாலே கை மரத்துப்போகிறது. ஆட்டத்துக்கு முன்னால் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறாள். ஊரில் பத்திரிகையில் வந்த அவள் படத்தை அப்பா தீப்பெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார். அன்று கையுறையைக் கழற்றியது அவள்தான்.

"அடிபட்டா வீட்டுக்கு அனுப்புவாங்க மேடம். பயமாருக்குன்னா யாரு அனுப்புவா?"

விரல் நாலு வாரத்தில் கூடிவிடும், மறுபடி கூப்பிடுவார்கள், அப்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் ஒம்பது வெரல் இருக்கு மேடம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் தலையை ஆட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டேன். மனநல மருத்துவரிடம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கினேன். விடுதி வார்டனிடம் அவளைத் தனியாக விடவேண்டாம் என்றேன். அவள் படி இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தினேன். பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எழுதிவைக்கிறேன்.

ஜூலை 26, புதன்

காலையில் வார்டன் காளீஸ்வரியை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். பதினாலாவது கேள்வி எங்கள் தாளில் இரண்டாம் பக்கத்தின் முதல் வரி. தஸ்னீமிடம் பழைய விடைத்தாள்களை எல்லாம் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கூட்டச் சொல்லியிருந்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது பேர். பதினாலாவதுக்குப் பூஜ்யம் போட்டவர்கள் ஆயிரத்து அறுபத்தெட்டு. முதல் பக்கத்தைவிட இரண்டாம் பக்கத்தில் சட்டென்று எண் இறங்கியவர்கள் நானூறுக்கு மேல். காளீஸ்வரி முதல் பக்கத்தில் போட்ட வேகத்திலேயே போயிருந்தால் எழுபத்தொன்று வந்திருக்கும். கூப்பிட்டிருப்போம்.

அந்த ஆயிரத்து அறுபத்தெட்டை வைத்து நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். தமிழ் வீரர்களுக்கு மனத்திண்மை அதிகம், கைவிடும் எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை என்று அதில் நிறுவியிருக்கிறேன். பரிசுகூடக் கொடுத்தார்கள். கேடயம் புத்தக அலமாரிக் கதவு தானாகத் திறக்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

தமிழில் இருந்ததைத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிடுவது வழக்கம். அதையும் செய்தோம். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? ஆங்கிலத்திலும் 'கிவ் அப்' என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரு 'கொடு' உட்கார்ந்திருக்கிறது. பெயர்த்தவர் ஆங்கிலப் பேராசிரியர். சோதித்துப் பார்த்தது எங்கள் முதுகலை மாணவர்களிடம். பந்தைத் தடுக்கிற ஒருத்தரிடமும் கேட்கவில்லை. தினசரிகளில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினால் பந்துவீச்சாளர் நாற்பது ரன்களை விட்டுக்கொடுத்தார் என்றுதான் போடுகிறார்கள். நான் காலையில் காபியோடு படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

தஸ்னீம் விடைத்தாள்களை மறுபடி கட்டி அடுக்கினாள். அவளுடைய ஆய்வும் இந்தத் தாளை வைத்துத்தான்.

ஜூலை 29, சனி

பதினாலாவது வாக்கியத்தை இப்படி அமைத்தது நிபுணர் குழு என்று தஸ்னீமிடம் சொல்லியிருந்தேன். அப்படித்தான் ஞாபகம். இன்று விடுமுறை என்பதால் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். மேலே பல்லி முட்டை ஓடுகள். முதல் வரைவு உள்ளே இருந்தது. தமிழ்த்துறை நண்பர் ஒருவர் எழுதிக்கொடுத்தது. பதினாலாவது: 'எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றுகிறது.'

அதை யாரோ அடித்து, 'விட்டுக்கொடுக்க' என்று மேலே எழுதியிருக்கிறார்கள். ஓரத்தில், 'இப்படிப் பச்சையாகக் கேட்க வேண்டாம்.' எழுதியிருப்பது பச்சை மையில். பச்சை மையில் கையெழுத்திடும் தகுதி எனக்கு வந்த புதிது அது. மளிகைப் பட்டியலைக்கூடப் பச்சையில் எழுதிக்கொண்டிருந்தேன். குழுவில் வேறு யாரிடமும் அந்தப் பேனா இல்லை.

எனக்கு அந்த வாக்கியம் ஏன் பிடிக்கவில்லை என்று ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லை என்பது பதில் ஆகாது. இதை வாரம் ஒரு முறை பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

சவரிமுத்து படிவத்தோடு வந்தார். அணி இருபதாம் தேதி கிளம்புகிறது. பெயர்ப்பட்டியல் ஐந்தாம் தேதிக்குள் போக வேண்டும். விரல் அதற்குள் கூடிவிடும் என்று எலும்பு மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மனநிலை பற்றி நான் கையெழுத்திட வேண்டும். காளீஸ்வரி ஆடும் நிலையில் இல்லை என்றேன். வருத்தத்தோடு என்னைப் பார்த்தார்.

"இருபத்தொம்பதுன்னு நீங்கதான மேடம் எழுதிக் குடுத்தீங்க."

இரண்டாவது கோல்கீப்பருக்குப் பதினேழு வயது, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள், காளீஸ்வரி இல்லாவிட்டால் முதல் சுற்றோடு திரும்ப வேண்டியதுதான் என்றார். படிவத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

துறைத் தலைவர் ஞானசம்பந்தத்திடம் தாளில் பிழை இருப்பதைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஒன்பதாம் தேதி முடியட்டும், அதற்கப்புறம் ஒரு திருத்தக் குறிப்பு போட்டுக்கொள்ளலாம், இப்போதே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் மாலை வரை அதை நல்ல யோசனை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் சரியாகிவிட்டது. நான் படியில்தான் போகிறேன். பழகிவிட்டது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். முகாமிலிருந்து விலகுவதற்கு ஒரு தனிப் படிவம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டம்: காயம், படிப்பு, திருமணம், பிற. காயம் என்று குறித்தால் காளீஸ்வரி மரியாதையோடு வீட்டுக்குப் போவாள். விரல் உண்மையிலேயே முறிந்திருக்கிறது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வித்தாள் பற்றி எங்கும் பேச்சு வராது. ஒன்பதாம் தேதியும் பிழைத்துக்கொள்ளும். அவளைக் கூப்பிட்டுப் பேனாவைத் திறந்துகொண்டே சொன்னேன்.

படிவத்தை அவள் நிதானமாகப் படித்தாள்.

"காயம்னு போடாதீங்க மேடம். காயம்னா ஆறுனதும் வரச்சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் நான் ஒரு வெரலக் குடுத்துட்டே இருக்க முடியுமா?"

பேனாவை மூடினேன். யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். என்னிடம் யோசிக்க நேரம் கேட்பவர்களை நான் கண்டிப்பது வழக்கம்.

இனி எழுதுவது நோட்டுக்கு மட்டும். 1998இல் என் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறுதி ஓட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, உடம்பைச் சூடாக்கும் மைதானத்தில், பட்டைத் துணியை எடுத்து நானே சுற்றிக்கொண்டேன். எந்தக் காலில் என்பது நிஜமாகவே மறந்துவிட்டது. நொண்டிக்கொண்டு போய்ப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். அன்று இரவு நான் ஒன்பது மணி நேரம் தூங்கினேன். மறுநாள் கண்ணாடியில் பார்த்த முகம்தான் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருந்தது.

என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அது அதிர்ஷ்டம். கூப்பிட்டிருந்தால் இன்னொரு கட்டுப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஆகஸ்ட் 5, சனி

'பிற' என்ற கட்டத்தில் குறியிட்டேன். கீழே இருந்த ஒன்றரை வரி இடத்தில், 'விட்டுவிட்டுப் போக விரும்புகிறார். கடந்த ஒரு வருடமாக. கேள்வித்தாளில் இதைக் கேட்கத் தவறியது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். காளீஸ்வரி படித்துப் பார்த்துவிட்டுத் தானும் கையெழுத்திட்டாள். பிறகு பதிவாளருக்கும், தாளைப் பயன்படுத்தும் விடுதிகளுக்கும், கட்டுரை வெளியிட்ட இதழுக்கும் கடிதங்கள். ஞானசம்பந்தத்துக்கு ஒரு நகல். அவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சவரிமுத்துவுக்குக் கோபம். அவளிடம் இல்லை, என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, வாந்தி எடுத்தது தனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது மேடம் என்றார். குழாய்ச் சத்தம் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கேட்டதாம். சுத்தக்காரப் பிள்ளை என்று நினைத்தாராம்.

அப்பாவிடம் அவளே பேசினாள். போனை மேஜை மேல் வைத்து என்னையும் கேட்கச் செய்தாள். பயமாருக்குப்பா, வீட்டுக்கு வாரேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் வந்தது.

"மேடம் பக்கத்துல இருந்தா உன்னைய ரயிலேத்திவிடச் சொல்லும்மா. நான் ஸ்டேசன்ல நிக்கேன்" என்றார் அப்பா.

காளீஸ்வரி அழுதாள். நான் இந்த முறை குறிப்பெடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

நேர்காணல். ஐந்து பேர். கடிதம் அவர்கள் கோப்பில் இருந்தது, இருவர் படித்திருந்தார்கள். படிக்காத ஒருவர் மனத்திண்மைக் கட்டுரையைப் பாராட்டத் தொடங்கினார். அது தவறு என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்காகப் பதினொரு வருட வேலையைக் கெடுத்துக்கொள்வார்களா என்று அவர் கேட்டார். கெட்டது ஏற்கெனவே கெட்டதுதான், இப்போது சொல்கிறேன், அவ்வளவுதான் என்றேன். தேநீர் வந்தது. நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 17

பதவிக்குத் தகுதியானவர் எவரும் இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஞானசம்பந்தம் தோளைத் தட்டினார். எனக்கு வருத்தம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தஸ்னீமின் ஆய்வுக்கு ஒரு வருடம் கூடுதலாகும். முதலில் இருந்து செய்யலாம் மேடம் என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். இந்த முறை வாக்கியங்களை மைதானத்தில் கொண்டுபோய்ப் படித்துக்காட்டப் போகிறாள். கோல்கீப்பர்களிடம் முதலில்.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலையில் காளீஸ்வரி பேசினாள். வாரம் ஒரு முறை பேசுவது என்று ஏற்பாடு. திருநெல்வேலியில் ஒரு மருத்துவரைப் பார்க்கிறாள், தூக்கம் ஐந்து மணி நேரம் வருகிறது. படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னாளாம். அவர், ஆடினது நெசந்தானே, இருந்துட்டுப் போகட்டும் என்றாராம். அணி முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினேழு வயதுக்காரியிடம் தானே போனில் பேசிவிட்டதாகச் சொன்னாள்.

பிற்பகல் முதுகலை வகுப்பு. விளையாட்டிலிருந்து விலகுவதற்கான காரணங்கள். எழுதுபலகையில் காயம் என்று எழுதியதும் முன்வரிசைப் பையன் ஒருவன், உங்க முழங்கால் மாதிரிதானே மேடம் என்றான். சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

என் முழங்காலுக்கு எதுவும் ஆகவில்லை, இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, அன்று எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்லத் தெரியாமல் கட்டுப் போட்டுக்கொண்டேன் என்றேன். இருபத்தைந்து வருடம் கழித்து அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தஸ்னீம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டில் எதையோ அடித்தாள். இடது, வலது இரண்டையும் அடித்திருப்பாள்.

மற்றவர்கள் வழக்கம்போல எழுதிக்கொண்டார்கள். பிறகு முன்வரிசைப் பையன் கையைத் தூக்கி, இது பரீட்சைக்கு வருமா மேடம் என்று கேட்டான்.

வரும் என்றேன்.